மலைப்பனியும் ஆற்றுநீரும்: மேற்கு அமெரிக்க வரண்ட நிலத்தில் நீர் முன்கணிப்பு வளர்ந்த வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களுள் மிகக் குறைந்த மழையைப் பெறுவது நெவாடா. அப்பெயரோ ஸ்பானிய மொழியில் பனி போர்த்தியது எனப் பொருள்படும். மாநிலத்தின் மேற்கெல்லையில் எழுந்து நிற்கும் சியரா நெவாடா மலைத்தொடரின் பெயரே அதற்கும் வழங்கலாயிற்று. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று தன்னிடமுள்ள நீரின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் இழந்துவிடுகின்றது. கிழக்கே மழைநிழலில் அமைந்த றீனோ நகரம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7 அங்குல மழையையே பெறுகின்றது. இத்தகைய நிலத்தில் வேளாண்மை நடைபெறுகின்றதெனில், அது மாரியில் மலைமேல் உறைந்து கிடந்து, வசந்தத்திலும் முதுவேனிலிலும் உருகி ஆறாக இறங்கிவரும் நீரினாலேயே ஆகும்.

சொல்லொன்றைப் பற்றி இவ்விடத்தில் குறிப்பிடல் வேண்டும். தமிழர் வாழும் நிலங்களில் இப்பொருள் விழுவதில்லையாதலின், அதற்கெனத் தனித்த சொல்லொன்று நம்மிடையே பழக்கத்தில் வரவில்லை. நாம் பனி என்பது புல்நுனியில் அரும்பும் நீர்த்துளியை அல்லது மார்கழி வைகறையின் மூடுபனியை. நம் புவியியல் நூலோர் இதனை மழைப்பனி என வழங்கினர். அச்சொல் ஈண்டு மிகவும் பொருத்தமானது. ஏனெனில், மழைப்பனி என்பது ஓரிடத்திற் பெய்து, உடனே ஓடாது, மாதக்கணக்காகத் தங்கி நிற்கும் மழையேயாகும்.

அவ்வாறு தங்கி நிற்கும் நீரின் அளவு யாது? வரும் கோடையில் ஆற்றில் எவ்வளவு ஓடும்? இவ்வினாக்களுக்கு விடை தேடிய முயற்சியை வளிமண்டலவியலின் வளர்ச்சியாகக் கூறுவது வழக்கம். அது தவறன்று. எனினும், இம்முன்கணிப்பு முதன்முதலிற் பயன்பட்டது ஒரு நீர்ப்பிணக்கினிடையே என்பதும், பின்னரும் அது நீரைப் பங்கிடுவதற்குரிய கருவியாகவே நிலைபெற்றது என்பதும் போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை. கணக்கு எவ்வளவு செம்மையாயிருந்தது என்று கேட்பதோடு, அக்கணக்கிற் சேர்க்கப்பட்டோர் யாவர், விடப்பட்டோர் யாவர் என்றும் கேட்டல் வரலாற்று மாணவர்க்குத் தகும்.

கலிபோர்ணியாவுக்கும் நெவாடாவுக்கும் இடையே எல்லையில் அமைந்தது தாகோ ஏரி. அதிலிருந்து வெளியேறும் ஆறு ஒன்றே. அது ட்ரக்கி ஆறு. ஏறத்தாழ 120 மைல் தூரம் ஓடி, றீனோ நகரைக் கடந்து, பாலை நிலத்திலுள்ள பிரமிட் ஏரியில் அது முடிவுறுகின்றது. பிரமிட் ஏரிக்கு வெளிவாயில் இல்லை. ஆற்றுநீர் கடலைச் சேர்வதில்லை. தாகோ ஏரியின் வாயிலில் 1870 அளவிலேயே அணையொன்று கட்டப்பட்டது. இயற்கை விளிம்புக்கு மேலே சில அடி உயரமே அவ்வணையால் நீரைத் தேக்க முடியும். ஆயின், ஏரியின் பரப்பு ஏறத்தாழ 190 சதுரமைல் ஆதலால், ஓரடி உயர்வு என்பது 120,000 ஏக்கர் அடிக்கு மேற்பட்ட நீராகும். அணை மின்சாரக் கம்பனியின் கையில் இருந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் மின்னாலைகளை இயக்குவதற்கு அக்கம்பனி ஏரியை நிறைத்து வைக்க விரும்பியது. கரையோரக் காணிக்காரரோ தம் நிலத்துள் நீர் ஏறுவதை வெறுத்தனர். 1907ஆம் ஆண்டு ஏரியின் மட்டம் பதிவுகளிற் காணப்படும் அதியுயர்ந்த நிலையை எட்டியது.

இதனிடையே மூன்றாவது உரித்தாளர் ஒருவரும் களத்தில் இறங்கினார். 1902ஆம் ஆண்டு நிலமீட்புச் சட்டத்தின் கீழ்ச் சமஷ்டி அரசாங்கம் மேற்கொண்ட முதற்றிட்டங்களுள் ஒன்று ட்ரக்கி ஆற்றைப் பற்றியது. 1905இல் டேர்பி அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆற்றுநீரின் பெரும்பங்கு கால்வாய் வழியாக அயலிலுள்ள காசன் ஆற்று வடிநிலத்துக்குத் திருப்பப்பட்டது. அங்கே பாலை நிலம் வயலாயிற்று. கமக்காரருக்குக் கோடை முழுவதும் நீர் வேண்டும். மின்சாரக் கம்பனிக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். கரையோரத்தாருக்கு ஏரி உயரவும் கூடாது, வற்றவும் கூடாது. எத்துணை நீர் வரும் என்பது எவருக்கும் தெரியாத நிலையில், ஒவ்வொரு தரப்பினரும் தத்தமக்கு உகந்த அளவையே உண்மையெனச் சாதித்தனர்.

இப்பிணக்கினுள் வந்து சேர்ந்தவர் பொறியியலாளரோ வளிமண்டலவியலாளரோ அல்லர், இலத்தீன் ஆசிரியர். ஜேம்ஸ் எட்வேட் சேர்ச் 1869இல் மிச்சிகன் மாநிலத்திற் பிறந்து, 1892இல் நெவாடாப் பல்கலைக்கழகத்தில் இலத்தீனும் ஜேர்மன் மொழியும் கற்பிக்க வந்தார். 1901இல் மியூனிக் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். றீனோவுக்குத் தென்மேற்கே 3,285 மீற்றர் உயர்ந்து நிற்கும் றோஸ் மலையை மாரி காலத்தில் ஏற இயலாது என்பதே அக்கால எண்ணம். சேர்ச் 1895ஆம் ஆண்டின் மாரியில் அதனை ஏறினார். பின்னர் அங்கு ஏறுவது அவர்க்கு வழக்கமாயிற்று. 1905இல் அம்மலையுச்சியில் வானிலை அவதான நிலையம் ஒன்றை நிறுவினார். பழத்தோட்டங்களுக்கு ஊறு செய்யும் உறைபனியை முன்னறிந்து கூறுதலே அந்நிலையத்தின் தொடக்க நோக்கமாக இருந்தது. மழைப்பனியை அளக்கும் எண்ணம் பின்னரே தோன்றியது. ஒருவர் ஒன்றைத் தேடப் புகுந்து பிறிதொன்றைக் கண்டடைதல் ஆராய்ச்சி வரலாற்றில் அரிதன்று.

மழைப்பனியின் ஆழத்தைக் கோலினால் அளப்பது எளிது. ஆயின், அதனாற் பயன் குறைவு. புதிதாக விழுந்த பத்து அங்குலப் பனி உருகினால் ஓரங்குல நீர் கிடைக்கலாம். வசந்தத்தில் இறுகிக் கிடக்கும் பனியிலோ அதன் ஆழத்தின் ஏறத்தாழ அரைப்பங்கு நீராகும். எனவே அறியவேண்டியது ஆழம் அன்று, நிறையே. இதனைச் சேர்ச்சுக்கு முன்னரும் சிலர் அறிந்திருந்தனர். அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களிலும் ஐரோப்பாவிலும் பனியை வெட்டியெடுத்து நிறுத்துப் பார்த்தவர் உளர். பல அடி ஆழமுள்ள மலைப்பனியை அதன் அடிநிலம் வரை ஊடுருவக்கூடிய கருவி ஒன்றைச் செய்தமையே சேர்ச்சின் சாதனை. அது ஏறத்தாழ ஒன்றரை அங்குல விட்டமுள்ள உலோகக் குழாய். நுனியில் வாளின் பற்கள் போன்ற வெட்டுவாய். ஆழத்துக்கேற்ப ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளத்தக்க துண்டுகள். குழாயைச் செங்குத்தாக இறக்கித் திருகி, உள்ளே அகப்பட்ட பனித்தண்டோடு வெளியே எடுத்து, வில்தராசில் தூக்கினால் நிறை தெரியும். பிற்காலத்திற் செம்மையாக்கப்பட்ட குழாயில், ஓர் அவுன்சு நிறை ஓரங்குல நீரைக் குறிக்குமாறு விட்டம் வகுக்கப்பட்டது. பனிச்சறுக்குக் கட்டையோடு மலையேறும் ஒருவர் பெருக்கல் வகுத்தல் எதுவுமின்றித் தராசிலேயே விடையை வாசிக்கலாம். றோஸ் மலைக் குழாய் எனப் பெயர்பெற்ற இக்கருவியின் வழித்தோன்றல்களே இன்றும் கையளவீட்டுக்குப் பயன்படுகின்றன.

கருவியினும் சிறந்தது அவர் கைக்கொண்ட முறை. மலை முழுவதிலுமுள்ள பனியை அளத்தல் எவராலும் ஆகாது. காற்று ஓரிடத்திற் குவித்து, ஓரிடத்தில் துடைத்துவிடும். காடு ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். சேர்ச் மொத்த அளவைத் தேடுவதைக் கைவிட்டார். குறித்த சில இடங்களைத் தெரிந்து, ஆண்டுதோறும் அதே இடங்களில் அதே காலத்தில் அளந்து, இவ்வாண்டின் அளவு வழமையான அளவின் எத்தனை வீதம் என்று கண்டால், ஆற்றின் நீரும் தன் வழமையின் அத்தனை வீதமாக இருக்கும் என்பதே அவருடைய கோட்பாடு. எடுத்துக்காட்டாக, ஓரிடத்தில் ஏப்ரல் முதலாந் தேதியன்று சராசரியாக 40 அங்குல நீருக்குச் சமனான பனி இருப்பதுண்டெனில், இவ்வாண்டு 30 அங்குலமே இருப்பின், ஆறும் முக்கால் பங்காகும். ஏப்ரல் முதலாந் தேதியைத் தெரிந்தமைக்கும் காரணம் உண்டு. அக்காலமளவிற் பனிச்சேமிப்பு உச்சத்தை அடைகின்றது; அதன்பின் பெய்வது சிறிது, உருகுவதே பெரிது.

1910ஐ அடுத்த ஆண்டுகளில் தாகோ ஏரி எவ்வளவு உயரும் என்பதைச் சேர்ச் இம்முறையால் முன்கூட்டியே கூறலானார். பெருக்கு வருமெனத் தெரிந்தால் முன்னரே வாயில்களைத் திறக்கலாம். குறைவு வருமெனத் தெரிந்தால் மூடி வைக்கலாம். இரு தரப்பினரும் ஒரே எண்ணை ஏற்றுக்கொண்டமையாற் பிணக்கின் ஒரு பகுதி தணிந்தது. அவ்வெண்ணைச் சொன்னவர் கம்பனியின் ஊழியரும் அல்லர், காணிக்காரரும் அல்லர் என்பது அதற்குத் துணையாயிருந்திருத்தல் வேண்டும். 1915இல் நீதிமன்றத் தீர்ப்பாணை ஒன்றின் வழியாக அணையின் கட்டுப்பாடு சமஷ்டி அரசாங்கத்தின் வசமாயிற்று.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க முயற்சியொன்று இந்தியாவில் இதற்கு முன்னரே நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தையும் பிற பகுதிகளையும் வாட்டிய 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பின்னர், பருவமழையை முன்னறியும் வழியைக் காணுமாறு வளிமண்டலவியல் திணைக்களத் தலைவர் பிளான்போட் பணிக்கப்பட்டார். இமயத்தில் மழைப்பனி மிகுந்தால் சமவெளியில் மழை குறையும் என்னும் கருத்தை அவர் 1884இல் வெளியிட்டார். அங்கே மலைப்பனி வேறோரிடத்துக் காற்றைக் குறித்த நிமித்தம். இங்கே அது வரப்போகும் நீரேதான். பிளான்போட் காட்டிய தொடர்பு நிலையற்றதெனப் பின்னர் தெரிந்தது. சேர்ச்சின் முறையோ, கையிருப்பை எண்ணிச் செலவைத் திட்டமிடும் வீட்டுக்காரரின் முறைமை போன்றதாகலின், நூறாண்டுகள் நின்று நிலைத்தது.

அது பரவிய கதையைச் சுருக்கமாகக் கூறலாம். 1929இல் கலிபோர்ணியா மாநிலம் கூட்டுறவு அடிப்படையிலான பனியளவீட்டைத் தொடங்கியது. 1933இல் மேற்குப் பனியியல் மாநாடு றீனோவிற் கூடியது. 1934ஆம் ஆண்டின் கொடிய வரட்சியை அடுத்து, 1935இல் சமஷ்டி அரசாங்கத்தின் விவசாயத் திணைக்களம் மேற்கு மாநிலங்களில் இப்பணியை ஏற்றது. சேர்ச் 1959இற் காலமானார். 1970களில் மனிதர் செல்லாமலே நிறையறியும் பனித்தலையணைகள் பரவலாயின. உறையாத் திரவம் நிரம்பிய தட்டையான பைகள் தம்மீது கிடக்கும் பனியின் நிறையை உணர்ந்து வானொலி மூலம் அறிவித்தன. விண்வீழ்கற்கள் வளிமண்டலத்தில் விட்டுச்செல்லும் அயன்தடங்களில் வானொலி அலையைத் தெறிக்கச் செய்து அச்செய்தி நெடுந்தூரம் அனுப்பப்பட்டது.

கருவிகள் இவ்வாறு வளர்ந்துகொண்டிருந்த வேளையிலேயே, முன்கணிப்பின் மறுபக்கத்தைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று வாஷிங்டன் மாநிலத்தின் யக்கிமா பள்ளத்தாக்கில் 1977இல் நிகழ்ந்தது. அதுவும் மழைநிழல் நிலமே. கஸ்கேட் மலைப்பனியால் வாழும் பழத்தோட்டங்கள் நிறைந்தது. மேற்கு மாநிலங்களின் நீர்ச்சட்டத்திற்கு அடிப்படை, முந்தி எடுத்தவருக்கே முதலுரிமை என்பதாகும். யக்கிமாவில் 1945ஆம் ஆண்டின் இணக்கத் தீர்ப்பாணை உரித்தாளரை இரு வகுப்பினராக்கியது. 1905 மே மாதத்துக்கு முற்பட்ட உரிமையுடையோர் தம் பங்கை முழுமையாகப் பெறுவர். பிற்பட்டோர் எஞ்சியதைத் தம்முட் பகிர்ந்துகொள்வர். 1976-77ஆம் ஆண்டு மாரியில் மலையிற் பனி மிகக் குறைவாகவே விழுந்தது. முன்னவர்க்கு 98 சதவீதமும் பின்னவர்க்கு 6 சதவீதமுமே கிடைக்குமெனச் சமஷ்டி அரசாங்கத்தின் நிலமீட்புப் பணியகம் முன்கணிப்புச் செய்தது.

நூற்றுக்கு ஆறு என்பது ஒரு பழமரத்துக்குச் சாவுத் தீர்ப்பு. பின்னுரிமைக் கமக்காரர் கடன்பட்டுக் கிணறு தோண்டினர். முன்னுரிமையாளரிடம் மிகுவிலைக்கு நீரைக் குத்தகைக்கு எடுத்தனர். சிலர் நிலத்தைப் பயிரிடாது விட்டனர். கோடை முடிந்தபோது அவர்களுக்குக் கிடைத்திருந்தது 6 சதவீதமன்று. தம் பங்கின் அரைவாசிக்கும் வெகு மேலான நீர் அவர்களை வந்தடைந்திருந்தது. வயல்களிற் பாய்ச்சப்பட்டு மீண்டும் ஆற்றுக்கு ஒழுகிவரும் நீரைக் கணக்கிற் கொண்டதில் நேர்ந்த பிழை இதற்குப் பெருங் காரணமாயிற்று. நட்டஈடு கோரி வழக்குகள் எழுந்தன. மைக்கேல் கிளான்ற்ஸ் 1982இல் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து, முன்கணிப்போரின் பொறுப்பு எதுவரை என்னும் வினாவை எழுப்பினார்.

இங்கே கவனிக்கவேண்டியது எண்கணிதம். விளக்கத்துக்காக இரு வகுப்பினரின் உரிமையும் ஐம்பது ஐம்பது எனக் கொள்வோம். மொத்த நீர் 53 என முன்கணிப்புக் கூறினால், முன்னவர் ஐம்பதையும் எடுத்துக்கொள்ள, பின்னவர்க்கு மூன்று, அதாவது 6 சதவீதம் எஞ்சும். உண்மையில் வந்த நீர் ஐந்திலொரு பங்கே கூடுதலாயிருந்தாலும், பின்னவரின் பங்கு 27 சதவீதமாக உயர்ந்துவிடும். மொத்தத்திற் சிறிய பிழை, வரிசையின் கடையில் நிற்பவர்க்கு நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பிழையாகின்றது. முன்னவரை அப்பிழை தீண்டுவதேயில்லை. இதனைப் பனியளவீட்டின் குறை என்பது பொருந்தாது. சட்டம் வகுத்த வரிசையே பிழையின் சுமை முழுவதையும் கடையிலுள்ளவர் தலையில் இறக்கியது. நான் அறிந்தவரை, முன்கணிப்பின் செம்மையைப் பேசுவோர் இதனை அரிதாகவே குறிப்பிடுகின்றனர்.

சேர்ச்சின் முறைக்கு உள்ளேயே பொதிந்திருந்த மற்றொரு சிக்கல் பிற்காலத்தில் வெளிப்பட்டது. வழமையின் இத்தனை வீதம் என்னும்போது, வழமை என்று ஒன்று நிலைபெற்றிருத்தல் வேண்டும். 2015 ஏப்ரல் முதலாந் தேதி, தாகோ ஏரிக்கு அண்மையிலுள்ள பிலிப்ஸ் அளவீட்டிடத்தில் கலிபோர்ணிய ஆளுநர் வெறும் புற்றரையில் நின்றார். 1941 முதல் அளக்கப்பட்டுவரும் அவ்விடத்தில் அந்நாளிற் பனி அறவே இல்லாதிருந்தது அதுவே முதற்றடவை. மாநிலம் முழுவதிலும் சராசரியின் 5 சதவீதமே இருந்தது. 2023இல் அதே நாளில் அது சராசரியின் இரு மடங்கையும் விஞ்சியது. மேற்கு மாநிலங்களின் நெடுங்கால அளவீட்டிடங்களுள் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் வசந்தகாலப் பனி குறைந்து வந்துள்ளதென பிலிப் மோட் முதலியோர் 2018இல் எடுத்துக்காட்டினர். அதற்குச் சான்றாய் அமைந்தவை, கமக்காரரின் தேவைக்காக ஆண்டுதோறும் குழாயிறக்கி எழுதப்பட்ட பழைய பதிவேடுகளே. அரசாங்கம் வழமையைக் கணிக்கும் முப்பதாண்டுக் காலமும் பத்தாண்டுக்கொருமுறை முன்னகர்த்தப்படுகின்றது. இன்று நூறு வீதம் என அறிவிக்கப்படுவது, பாட்டனார் காலத்து நூறு வீதத்துக்குச் சமனாக இருக்கவேண்டியதில்லை.

2021ஆம் ஆண்டின் அனுபவம் வேறு வகையினது. அவ்வாண்டு ஏப்ரல் முதலாந் தேதி கலிபோர்ணியாவில் ஏறத்தாழ 59 சதவீதப் பனி இருந்தது. அது வழமைபோல் ஆறுகளுக்கு வந்து சேரவில்லை. முந்திய ஆண்டின் வரட்சியாற் காய்ந்திருந்த மண் உருகிய நீரைக் குடித்தது. வெம்மையும் வரண்ட காற்றும் ஒரு பங்கைக் கொண்டுபோயின. ஏப்ரலில் வெளியிட்ட கணிப்புகளை மே மாதத்திற் பெரிதும் குறைக்க நேர்ந்தது. 2013 முதல் வானூர்தியிலிருந்து ஒளிக்கதிர் பாய்ச்சி மலை முழுவதன் பனியாழத்தையும் அளக்கும் முறை கையாளப்பட்டு வருகின்றது. சேர்ச் கைவிட்ட மொத்த அளவு இன்று எட்டும் தொலைவில் உள்ளது. ஆயின், பனிக்கும் ஆற்றுக்கும் இடையே கிடக்கும் மண்ணை வானத்திலிருந்து அவ்வாறு அளந்துவிட இயலவில்லை.

மீண்டும் ட்ரக்கி ஆற்றுக்கு வருவோம். அதன் முடிவிடமான பிரமிட் ஏரியின் கரையில் வாழ்வோர் பையூட் மக்கள். அவ்வேரியில் மட்டுமே வாழும் குவீவீ என்னும் மீனை உண்போர் எனத் தம்மை அழைத்துக்கொள்பவர்கள். ஏரியும் சூழ்நிலமும் அவர்களுக்கென 1859இல் ஒதுக்கப்பட்டு, 1874இல் ஜனாதிபதி கிராண்டின் ஆணையால் உறுதிசெய்யப்பட்டன. முந்தியவருக்கே முதலுரிமை என்னும் அந்நாட்டு விதியின்படியே நோக்கினும், ஆற்றில் அவர்களுடையதே மூத்த உரிமை. எனினும், டேர்பி அணை எழுந்தபின் ஏரியின் மட்டம் வீழ்ந்தது. 1967க்குள் ஏறத்தாழ 80 அடி இறங்கியது. அருகிருந்த வினமுக்கா ஏரி 1930களின் முடிவில் முற்றாக வற்றியது. ஆற்றின் முகத்துவாரத்தில் மணற்றிடல் எழுந்து, முட்டையிட மேலேறும் மீன்களின் வழி அடைபட்டது. பேருருவினதான லகொண்டன் ட்ரவுட் மீனினம் 1940களின் தொடக்கத்தில் அவ்வேரியில் இல்லாதொழிந்தது.

சேர்ச்சின் கணக்கு ஆண்டுதோறும் சரியாகவே வந்துகொண்டிருந்த காலம் இது. ஏரி எத்தனை அடி உயரும், ஆற்றில் எத்துணை நீர் ஓடும் என்பன சொல்லப்பட்டன. அந்நீர் கம்பனிக்கும் நகருக்கும் வயலுக்கும் திட்டமிடப்பட்டது. ஆறு சென்று சேருமிடத்து மீனுக்கெனப் பங்கு எதுவும் இருக்கவில்லை. 1913இல் தொடங்கி 1944இல் முடிவுற்ற வழக்கில் பையூட் மக்களுக்கு 1859ஆம் ஆண்டின் மூத்த உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயின், பாசனத்துக்கென ஏறத்தாழ 30,000 ஏக்கர் அடி மட்டுமே வழங்கப்பட்டது. அவர்கள் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள்; நீதிமன்றம் அவர்களைக் கமக்காரராகவே அளந்தது. அவ்வழக்கில் அவர்களுக்காகத் தோன்றிய சமஷ்டி அரசாங்கமே நீரைத் திருப்பிய திட்டத்துக்கும் உடைமையாளர். அத்தீர்ப்பை மீளத் திறக்கும் முயற்சியை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1983இல் மறுத்துவிட்டது.

மாற்றம் வேறு வழியாக வந்தது. குவீவீ மீன் 1967இல் அழியும் அபாயத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ட்ரக்கி ஆற்றின் கிளையொன்றில் 1970இற் கட்டப்பட்ட ஸ்டாம்பீட் நீர்த்தேக்கத்தின் நீரை நகரங்களுக்கு விற்கவேண்டும் என வாதிட்டோருக்கெதிராக, அதனை மீனினத்தைக் காப்பதற்குப் பயன்படுத்துவது சட்டத்துக்கு இயைந்ததே என மேன்முறையீட்டு நீதிமன்றம் 1984இல் தீர்த்தது. 1990இல் இணக்கச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி உருவான ஆற்றியக்க உடன்படிக்கை 2008இற் கையொப்பமாகி, 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இன்று வசந்தந்தோறும் ஸ்டாம்பீட்டிலிருந்து மீனுக்கென எவ்வளவு நீரை, எக்காலத்தில் திறப்பதென முடிவு செய்வோர், தேக்கத்திலுள்ள நீரோடு மலைப்பனியின் கணக்கையும் பார்த்தே முடிவு செய்கின்றனர். வயலுக்கும் மின்னாலைக்குமெனத் தொடங்கிய அதே ஏட்டில் மீனும் ஒரு நிரலைப் பெற்றுள்ளது. பிரமிட் ஏரியிலிருந்து மறைந்துபோன ட்ரவுட்டின் வழிவந்த மீன்கள் தொலைவிலுள்ள மலையோடை ஒன்றிற் கண்டறியப்பட்டு, மீண்டும் ஏரியில் விடப்பட்டிருந்தன. 2014ஆம் ஆண்டு அவை ட்ரக்கி ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு ஏறிவந்து முட்டையிட்டன.